டிரைவர்காரங்க கைல படாம கெர்னல் ஸ்ட்ரக்டோட உள் ஃபீல்டுகள மறைக்கிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெல்லந்தூர், மாரத்தஹள்ளி, ஒயிட்ஃபீல்டு பக்கம் சிப் கம்பெனிகள்ல வேலை பார்க்கிற தமிழ் ஆளுங்க கொஞ்ச பேர் மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை அல்சூர் ஏரிப் பக்கம் கூடி லினக்ஸ் கெர்னல், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி, அது பத்தி பேசிக்கிறது வழக்கம். புதுசா வர்ற தம்பி தங்கச்சிங்க எல்லாரும் ஒரே விஷயத்தத்தான் திருப்பித் திருப்பி கேக்குறாங்க: கெர்னல் ஸ்ட்ரக்டுக்குள்ள (பல மதிப்ப ஒண்ணா கட்டி வைக்கிற சி அமைப்பு) இருக்கிற ஃபீல்டுகள, டிரைவர்கிட்ட இருந்து (ஒரு ஹார்ட்வேர ஓட்டுற கோட்) எதுக்கு, எப்படி மறைக்கிறதுன்னு. அதான் உக்காந்து எழுதிட்டேன். நான் பத்து வருஷத்துக்கு மேல டிரைவர் எழுதிருக்கேன், அப்புறம் எங்க கம்பெனிக்குள்ள ஒரு சின்ன சப்சிஸ்டத்த (ஒரு வகை வேலைய மொத்தமா பார்த்துக்கிற கெர்னல் பகுதி) பராமரிக்கிற வேலையும் பார்த்தேன், அதனால ரெண்டு பக்கத்து வலியும் தெரியும்.

அக்கா, எல்லாம் ஓப்பன் சோர்ஸ்தானே, சோர்ஸ் கண்ணு முன்னாடி இருக்கு, இதுல எத மறைக்கிறது, எதுக்கு மறைக்கணும்?

ரகசியத்துக்காக மறைக்கிறது இல்ல. யார் வேணா தொறந்து படிக்கலாம். படிக்கிறது வேற, உங்க டிரைவர் கோட் அந்த ஃபீல்டு மேல சாஞ்சு நிக்கிறது வேற.

பெங்களூர்ல வாடகை வீட்ல இருக்கவங்களுக்கு இது டக்குனு புரியும். குழாய தொறந்தா தண்ணி வரும். பின்னாடி அது காவேரி தண்ணியா, போர் தண்ணியா, டேங்கர் வந்து சம்ப்புல கொட்டினதா, மோட்டார் எத்தனை மணிக்கு போடுறாங்க, இதெல்லாம் ஓனர் பாடு. இப்ப மூணாவது மாடிக்காரர் பிரஷர் பத்தலன்னு மோட்டார் ரூம்ல இருந்து தானே ஒரு பைப் இழுத்துக்கிட்டார்னு வைங்க. அன்னிலேர்ந்து ஓனரால மோட்டார மாத்த முடியாது, வால்வ நகர்த்த முடியாது, போர் வத்திப்போய் வேற லைனுக்கு மாறணும்னாலும் அந்த ஒரு பைப்ப நினைச்சு நினைச்சுத்தான் செய்யணும். கெர்னல்லயும் அதேதான், ஒரு ஃபீல்ட நாப்பது டிரைவர் நேரா தொட்டா அத மாத்துறதுக்கு நாப்பது டிரைவர திருத்தணும், அதுல முப்பதுக்கு டெஸ்ட் பண்ண போர்டே கைல இருக்காது.

அதனால மறைக்கிறதுக்கு முக்கிய காரணம், நாளைக்கு உள்ள மாத்துற சுதந்திரம். ரெண்டாவது காரணம் லாக், அதாவது ஒரே நேரத்துல ரெண்டு பக்கம் இருந்து மாத்தாம காக்குற பூட்டு. ஒரு ஃபீல்ட தொடும்போது எந்த லாக் பிடிச்சிருக்கணும்ங்கிறது சப்சிஸ்டம் எழுதினவங்களுக்குத்தான் முழுசா தெரியும்.

சி மொழில ப்ரைவேட்னு ஒரு வார்த்தையே இல்லயே, அப்புறம் எப்படி?

இல்லதான். ஆனா ஸ்ட்ரக்டோட பேர மட்டும் ஹெட்டர்ல (மத்த கோட் இன்க்ளூட் பண்ணிக்கிற அறிவிப்பு ஃபைல்) அறிவிச்சுட்டு உள்ள என்ன இருக்குங்கிறத டாட் சி ஃபைலுக்குள்ள வச்சுக்க சி விடுது. டிரைவர் கைல பாயின்டர் (மெமரி முகவரி) மட்டும் இருக்கும், உள்ள கை விட்டா கம்பைலரே முழுமையில்லாத டைப்புனு சொல்லி நிறுத்திடும். இதவிட பலமான வழி சி மொழில வேற இல்ல.

சிப்போட கிளாக் சிக்னல குறிக்கிற ஸ்ட்ரக்ட் கிளாக் இதுக்கு நல்ல உதாரணம். டிரைவர் கிளாக் கெட் கூப்பிட்டு ஒரு பாயின்டர் வாங்குது, அத வச்சு எனேபிள் பண்ணுது, ரேட் செட் பண்ணுது, அவ்ளோதான். 2012ல 3.4 கெர்னல்ல காமன் கிளாக் ஃபிரேம்வொர்க் வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஆர்க்கிடெக்சரும் (ப்ராசஸர் வகை) தனக்குனு ஒரு ஸ்ட்ரக்ட் கிளாக் வச்சிருந்துச்சு, பேரு ஒண்ணு உள்ள இருக்கிறது வேற வேற. பயன்படுத்துற டிரைவர் உள்ள பார்க்காம இருந்ததாலதான் அத்தனையையும் ஒரு பொது ஃபிரேம்வொர்க்குக்குள்ள கொண்டுவர முடிஞ்சுச்சு.

2015ல 4.0ல இன்னொரு பெரிய மாற்றம் வந்துச்சு. அதுவரைக்கும் ஒரு கிளாக்குக்கு ஒரு ஸ்ட்ரக்ட்தான், யார் கேட்டாலும் அதே பாயின்டர். அப்புறம் நிஜமான கிளாக் விவரத்த கிளாக் கோர்னு தனியா பிரிச்சு, கேக்குற ஒவ்வொருத்தருக்கும் தனித்தனி ஸ்ட்ரக்ட் கிளாக் குடுக்க ஆரம்பிச்சாங்க. மறைச்சு வச்சிருந்ததால பெரும்பாலான டிரைவர்ல ஒரு வரிகூட மாறல. ஆனா சிலது உடைஞ்சுச்சு, ஏன்னா அதுங்க ரெண்டு பாயின்டர எடுத்து ரெண்டும் ஒரே கிளாக்கான்னு நேரா ஒப்பிட்டு பார்த்துக்கிட்டு இருந்துச்சு, இப்ப கிளாக் ஒண்ணா இருந்தாலும் பாயின்டர் வேற. அதுக்காகவே கிளாக் இஸ் மேட்ச்னு ஒரு ஃபங்ஷன் சேர்த்தாங்க. ஃபீல்ட மறைச்சாச்சு, வேலை முடிஞ்சதுன்னு நாம நினைப்போம், ஆனா பாயின்டரோட மதிப்பும் வெளிய தெரியுற ஒரு விஷயம்தான், அது மேலயும் ஆளுங்க சாஞ்சுடுவாங்க. இத நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டே இருக்கேன்.

ஆனா சில ஸ்ட்ரக்ட டிரைவர் தன்னோட ஸ்ட்ரக்டுக்குள்ளயே பதிச்சு வச்சுக்கணுமே, அப்ப சைஸ் தெரியணுமே?

சரியான கேள்வி. கன்டெய்னர் ஆஃப் மேக்ரோ போட்டு உள்ள இருக்கிறதுலேர்ந்து வெளிய இருக்கிறத கண்டுபிடிக்கிறது கெர்னல்ல தினப்படி பழக்கம், அதுக்கு முழு வரையறையும் தெரிஞ்சாகணும். அங்க பாதிய வெளிய வச்சு பாதிய மறைக்கிறாங்க. ஸ்ட்ரக்ட் டிவைஸ பாருங்க, அதுக்குள்ள பி அப்படின்னு ஒரே எழுத்துல ஒரு பாயின்டர் இருக்கும், அது டிவைஸ் ப்ரைவேட்ங்கிற ஸ்ட்ரக்ட காட்டுது. அந்த ஸ்ட்ரக்டோட வரையறை டிரைவர்ஸ் பேஸ் டைரக்டரில இருக்கிற பேஸ் டாட் ஹெச்ல இருக்கு, இன்க்ளூட் லினக்ஸ் பக்கமே வராது. அப்பா பிள்ளை லிஸ்ட்டு, பஸ் லிஸ்ட்டு, தள்ளிப்போட்ட ப்ரோப் (டிவைஸ டிரைவரோட சேர்த்து ஆரம்பிக்கிறது) லிஸ்ட்டு எல்லாம் அங்கதான். 2009ல கிரெக் க்ரோவா ஹார்ட்மன் இப்படி பிரிச்சார்.

இன்னொரு வழி, டிரைவர் நிரப்பிக் குடுக்கிற ஸ்ட்ரக்ட் வேற, சப்சிஸ்டம் தானே உருவாக்கி வச்சுக்கிற ஸ்ட்ரக்ட் வேறன்னு பிரிக்கிறது. எனக்கு ரொம்ப பிடிச்சது இதுதான். ஜிபிஐஓல (சிப்போட பொதுப் பயன் பின்கள பார்த்துக்கிற சப்சிஸ்டம்) டிரைவர் நிரப்புறது ஜிபிஐஓ சிப், உள்ள இருக்கிறது ஜிபிஐஓ டிவைஸ், கிளாக்ல வெளிய கிளாக் ஹெச்டபிள்யூ உள்ள கிளாக் கோர்.

ஜிபிஐஓல எதுக்கு ரெண்டு ஸ்ட்ரக்ட்? ஒண்ணுலயே வச்சிருக்கலாமே?

ஆயுசு வேற வேற, அதான். யூஎஸ்பில சொருகுற ஒரு ஜிபிஐஓ அடாப்டர் இருக்குனு வைங்க, ஒரு புரோகிராம் அதோட கேரக்டர் டிவைஸ (ஃபைல் மாதிரி தொறந்து பயன்படுத்துறது) தொறந்து வச்சிருக்கு, அப்ப யாரோ கேபிள பிடுங்கிட்டாங்க. டிரைவர் போயிடும், டிரைவரோட மெமரியும் போயிடும், அதுக்குள்ள இருந்த ஜிபிஐஓ சிப்பும் போயிடும். ஆனா அந்த புரோகிராம் இன்னும் ஃபைல மூடலயே. 2016ல 4.6ல லைனஸ் வாலெய் ஜிபிஐஓ டிவைஸ தனியா கொண்டுவந்தது இதுக்காகத்தான், சிப் போனாலும் டிவைஸ் கடைசி ரெஃபரன்ஸ் விடுற வரைக்கும் உயிரோட இருக்கும், சிப் பாயின்டர் மட்டும் காலி (NULL) ஆகிடும். டிரைவர்காரங்க அந்த உள் ஸ்ட்ரக்ட தொடாம இருந்ததால 2024ல 6.9ல உள்ள இருந்த லாக்கிங்கயே எஸ்ஆர்சியூ (படிக்கிறவங்கள நிறுத்தி வைக்காத ஆர்சியூங்கிற முறையில ஒரு வகை) வச்சு புதுசா கட்ட முடிஞ்சுச்சு. ஒரே ஸ்ட்ரக்டா இருந்து டிரைவர் எல்லாம் இஷ்டத்துக்கு உள்ள பார்த்துக்கிட்டு இருந்தா அந்த வேலைய யாரும் தொட்டே இருக்க மாட்டாங்க.

ஃபீல்டு பேருக்கு முன்னாடி ரெண்டு அண்டர்ஸ்கோர் போட்டு, கமென்ட்ல தொடாதீங்கன்னு எழுதினா போதாதா?

கமென்ட்ட யாரும் படிக்கிறது இல்ல. நானே டெட்லைன் நெருங்குறப்ப படிச்சதில்ல. கெர்னல் டாக்ல (கமென்ட்லேர்ந்து டாக்குமென்ட் எடுக்கிற டூல்) ப்ரைவேட்னு ஒரு கமென்ட் போட்டா அதுக்கு கீழ இருக்கிற ஃபீல்டெல்லாம் டாக்குமென்ட்ல வராது, அது நல்லதுதான், ஆனா கம்பைலர் அத கண்டுக்காது.

பேர் வைக்கிறதுல எல்லைக்கே போனது இன்டரப்ட் (ஹார்ட்வேர் ப்ராசஸர கூப்பிடுற சிக்னல்) சப்சிஸ்டம்தான். 2011ல தாமஸ் கிளைக்ஸ்னர் அந்த கோட மொத்தமா சுத்தம் பண்ணப்ப, ஸ்டேட்டஸ் ஃபீல்ட டிரைவர்லயும் ஆர்க்கிடெக்சர் கோட்லயும் நேரா திருத்திக்கிட்டு இருந்தாங்க. அவர் ஐஆர்க்யூ டெஸ்க்ல (ஒரு இன்டரப்ட்டோட விவரம் வைக்கிற ஸ்ட்ரக்ட்) இருந்த அந்த நிலை ஃபீல்டுக்கு கோர் இன்டர்னல் ஸ்டேட் டூ நாட் மெஸ் வித் இட் அப்படின்னே முழு நீளமா பேர் வச்சார், அதாவது இது உள் நிலை, இதுல கை வைக்காதேன்னு ஃபீல்டோட பேரே சொல்லும். கோர் கோட்ல மட்டும் இன்டர்னல்ஸ் டாட் ஹெச்ல ஐஸ்டேட்னு ஒரு சின்ன மேக்ரோ போட்டு எழுதிக்கிறாங்க. ஐஆர்க்யூ டேட்டா பக்கம் இருக்கிற ஃபீல்டு பேரு ஸ்டேட் யூஸ் ஆக்சஸர்ஸ். இவ்ளோ நீள பேர ஒருத்தன் டைப் பண்ணி பேட்ச் (கோட் திருத்தம்) அனுப்பினா ரிவ்யூ பண்றவர் கண்ணுல உடனே பட்டுடும், கிரெப் (கோட்ல வார்த்தை தேடுற டூல்) போட்டாலும் ஒரு செகண்டுல மாட்டும், அதுதான் லாபம்.

கம்பைலர் விட்டுடுது, ஆனா டூல் வச்சு பிடிக்கலாமா?

பிடிக்கலாம். 2016ல 4.6ல போக்குன் ஃபெங் கொண்டுவந்த ப்ரைவேட் குறி இருக்கு, முன்னாடி ரெண்டு அண்டர்ஸ்கோர். அத ஃபீல்டு மேல போட்டா சாதாரண கம்பைல்ல ஒண்ணும் ஆகாது, ஸ்பார்ஸ்னு கோட சோதிக்கிற டூல் ஓட்டும்போது மட்டும் அது நோடெரெஃப் (நேரா தொடக்கூடாதுங்கிற குறி) ஆகிடும், நேரா தொட்டா ஸ்பார்ஸ் வார்னிங் குடுக்கும். உரிமை உள்ள கோட் ஆக்சஸ் ப்ரைவேட் மேக்ரோ வழியா போகணும். ஆர்சியூ நோடோட லாக்குல இத போட்டிருக்காங்க, முன்னாடி சொன்ன ஸ்டேட் யூஸ் ஆக்சஸர்ஸ் மேலயும் போட்டிருக்காங்க. ஒரே குறை, மேக் கூட சி=1 போட்டு ஸ்பார்ஸ் ஓட்டுற பழக்கம் உங்க டீம்ல இருக்கணும். சிஐல (ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானா சோதனை ஓட்டுற அமைப்பு) சேர்த்துடுங்க.

எங்க டிரைவருக்கு அந்த மதிப்ப படிச்சா போதும், எழுத வேணாம். அதுக்கும் ஃபங்ஷனா?

படிக்கிறத விட்டு எழுதுறத மட்டும் தடுக்கவும் வழி இருக்கு. விஎம்ஏவோட (ஒரு புரோகிராமோட மெமரில ஒரு பகுதிய குறிக்கிற ஸ்ட்ரக்ட்) விஎம் ஃபிளாக்ஸ பாருங்க. முன்னாடி எம்மேப் (டிவைஸ் மெமரிய புரோகிராமுக்கு காட்டுற ஃபங்ஷன்) எழுதுற டிரைவர் எல்லாம் நேரா அதுல பிட்ட ஓர் பண்ணும். 2023ல 6.3ல சுரேன் பக்தசர்யன் அத ஒரு யூனியனா மாத்தினார், வெளிய தெரியுறது கான்ஸ்ட் (படிக்க மட்டும், எழுத முடியாது) விஎம் ஃபிளாக்ஸ், அதே இடத்துல எழுதக்கூடிய இன்னொண்ணு ரெண்டு அண்டர்ஸ்கோரோட ப்ரைவேட் குறி போட்டு. படிக்கிற கோட் எதுவும் மாறல. எழுதணும்னா விஎம் ஃபிளாக்ஸ் செட், இல்லாட்டி கிளியர். அத ஏன் அவ்ளோ அவசரமா பண்ணாங்கன்னா அடுத்த வெர்ஷன்லயே ஒவ்வொரு விஎம்ஏக்கும் தனி லாக் வந்துச்சு, ஃபிளாக்க மாத்துற ஒவ்வொருத்தரும் அந்த லாக்க பிடிச்சாகணும், டிரைவர்காரங்க ஒவ்வொருத்தரும் அத ஞாபகம் வச்சு எழுதுவாங்கன்னு நம்பி உக்கார முடியாது. நெட்வொர்க்லயும் இதே கதைதான், 2022ல வந்த 5.17ல நெட் டிவைஸோட மேக் அட்ரஸ் இருக்கிற டெவ் ஆடர கான்ஸ்ட் ஆக்கினாங்க, மேக் அட்ரஸ் எழுத ஈத் ஹெச்டபிள்யூ ஆடர் செட் கூப்பிடணும்.

பழைய வென்டார் டிரைவர் புது கெர்னல்ல கம்பைல் ஆகலன்னு நம்ம ஆளுங்க புலம்புறதுல பாதி இந்த ரெண்டுதான். கான்ஸ்ட்ட காஸ்ட் போட்டு (டைப்ப வலுக்கட்டாயமா மாத்தி) தூக்கிட்டு போகாதீங்க, தயவுசெஞ்சு.

காஸ்ட் போட்டா என்ன ஆகும்? ப்ரைவேட் ஹெட்டர இன்க்ளூட் பண்ணா என்ன ஆகும்? வேலை செய்யுதே.

வேலை செய்யும், கொஞ்ச நாள்.

நான் முன்னாடி இருந்த ஒரு கம்பெனில பவர் சேனல்கள பார்த்துக்கிற சொந்த ஃபிரேம்வொர்க் ஒண்ணு இருந்துச்சு, நான்தான் அத பராமரிச்சேன். உள் ஸ்ட்ரக்ட்ல யூசர்ஸ்னு ஒரு ஃபீல்டு, எத்தனை பேர் இந்த சேனல பயன்படுத்துறாங்கங்கிற எண்ணிக்கை. கேமரா டிரைவர் எழுதினவர் ரெண்டு புள்ளி ரெண்டு புள்ளி ஸ்லாஷ் போட்டு எங்க உள் ஹெட்டர இன்க்ளூட் பண்ணி, அந்த யூசர்ஸ் ஜீரோ ஆகுற வரைக்கும் காத்திருந்து அப்புறம் ரெகுலேட்டர ஆஃப் பண்ற மாதிரி வச்சிருந்தார். எனக்கு அது தெரியாது. ஒரு நாள் நான் எண்ணிக்கைய வேற ஃபீல்டுக்கு மாத்திட்டு, யூசர்ஸ்ங்கிற பேர ரெஜிஸ்டர் பண்ணவங்க எண்ணிக்கைக்கு வச்சுட்டேன். கம்பைல் ஆச்சு, பேரு அதே, டைப்பு அதே. அர்த்தம் மட்டும் வேற. அது எப்பவுமே ஜீரோ ஆகாது. சஸ்பெண்டுக்கு போற போர்டு அங்கயே நின்னுடும், ஆனா கேமராவ ஒரு தடவ தொறந்து மூடியிருந்தா மட்டும்தான், அதனால அஞ்சு தடவைக்கு ஒரு தடவதான் மாட்டும்.

நாலு ராத்திரி லேப்ல உக்காந்தோம். கடைசில பிடிச்சது என்கூட இருந்த ஒரு தங்கச்சி, உள் ஹெட்டர யார் யார் இன்க்ளூட் பண்றாங்கன்னு சும்மா ஒரு கிரெப் போட்டா. எனக்கு மொதல்ல அவர் மேல கோபம்தான் வந்துச்சு. போய் பேசினப்ப அவர் ஆறு மாசம் முன்னாடியே எங்க டீமுக்கு மெயில் போட்டிருக்கார், சேனல் சும்மா இருக்கானு தெரிஞ்சுக்க ஒரு ஃபங்ஷன் வேணும்னு, யாரும் பதில் போடல. அவருக்கு வேற வழி நாங்க வைக்கல. அன்னிக்கு சாயந்திரமே ஐடில் ஆகுற வரைக்கும் காத்திருக்கிற ஒரு ஃபங்ஷன் எழுதிக் குடுத்தேன், பத்து வரிகூட வராது.

அதுலேர்ந்து என் பழக்கம், ஒரு டிரைவர் உள்ள கை விடுதுன்னா அத தடுக்கிறதுக்கு முன்னாடி அவங்களுக்கு என்ன கிடைக்கலன்னு கேக்குறது. மறைக்கிறவங்களுக்கு ஆக்சஸர், அதாவது உள்ள இருக்கிறத படிக்க எழுத ஒரு ஃபங்ஷன், குடுக்கிற கடமை இருக்கு. வெறும் கதவ மட்டும் சாத்தினா ஆளுங்க ஜன்னல் வழியா வருவாங்க.

எல்லாத்துக்கும் ஃபங்ஷன் கூப்பிட்டா வேகம் குறையாதா?

ப்ரோப், சஸ்பெண்ட் மாதிரி இடத்துல ஒரு ஃபங்ஷன் கால் எல்லாம் கணக்கிலேயே வராது. பாக்கெட் ஒவ்வொண்ணுக்கும் ஓடுற பாதை, இன்டரப்ட் பாதை, அங்க வரும். இன்லைன் ஃபங்ஷன் (கூப்பிடுற இடத்துலயே கம்பைலர் விரிச்சு வைக்கிறது) வேணும்னா வரையறை ஹெட்டர்ல இருந்தாகணும், அப்ப மறைக்க முடியாது, அதனாலதான் நெட்வொர்க் பாக்கெட்ட வச்சிருக்கிற எஸ்கே பஃப் மாதிரி ஸ்ட்ரக்ட் இன்னும் முழுசா வெளிய கிடக்கு. அந்த மாதிரி இடத்துல கான்ஸ்ட், ப்ரைவேட் குறி, பேரு, இதோட நிறுத்திக்கணும்.

வேகத்தவிட மோசமான ஒரு விலை இருக்கு, மெமரி அலொகேஷன். டிரைவர் தன்னோட டேட்டாவ டிவைஸோட சேர்த்து வைக்க டெவ் செட் டிரவ்டேட்டா எல்லாரும் கூப்பிடுறதுதானே. அது வைக்கிற டிரைவர் டேட்டா பாயின்டர 2009ல ஸ்ட்ரக்ட் டிவைஸ்ல இருந்து எடுத்து டிவைஸ் ப்ரைவேட்டுக்குள்ள மறைச்சாங்க, யாரும் நேரா தொடக்கூடாதுன்னு. ஆனா ரெஜிஸ்டர் பண்றதுக்கு முன்னாடியே டிரைவர் செட் பண்ணா ப்ரைவேட் ஸ்ட்ரக்ட் அப்ப இருக்காது, அங்கயே அலொகேட் பண்ணியாகணும். டிவைஸ் கடைசில உருவாகவே இல்லன்னா அந்த மெமரிய விடுவிக்க ஆளே இல்ல. 2014ல ஜான் டெல்வார் அத திருப்பி ஸ்ட்ரக்ட் டிவைஸுக்கே கொண்டுவந்தார், செட் கெட் ஃபங்ஷன் மட்டும் அப்படியே இருக்கு. டிரைவர் எல்லாம் ஆக்சஸர் வழியா போய்க்கிட்டு இருந்ததால உள்ள போனதும் தெரியல வெளிய வந்ததும் தெரியல. மறைச்சது தப்பா போச்சுன்னு சொல்றவங்க இருக்காங்க, எனக்கு இதுதான் ஆக்சஸரோட அருமைய காட்டுற உதாரணம்.

ஆண்ட்ராய்டு ஜிகேஐ (எல்லா போனுக்கும் ஒரே பொது கெர்னல்) வேலைல இது எப்படி வரும்?

நம்ம ஊர்ல பாதி பேருக்கு சோறு போடுறதே அதுதான். ஆண்ட்ராய்டு 12ல 5.10 கெர்னலோட வர்ற புது போன்ல இருந்து கெர்னல் கூகுளோடது, வென்டார் கோட் எல்லாம் மாட்யூல் (தனியா கம்பைல் பண்ணி கெர்னல்ல லோட் பண்றது). ஸ்ட்ரக்டோட லேஅவுட் (ஃபீல்டுகள் அடுக்கியிருக்கிற விதம்) மாறினா ஏற்கெனவே கம்பைல் பண்ண மாட்யூல் தப்பான ஆஃப்செட்ட தொடும். அதுக்காக சில ஸ்ட்ரக்ட்ல காலி இடம் விட்டு வைக்கிறாங்க, கேஏபிஐ ரிசர்வ்னு. டிரைவர் கைல வெறும் பாயின்டர் மட்டும் இருக்கிற ஸ்ட்ரக்டுக்கு லேஅவுட் மாறினா மாட்யூலுக்கு நிஜத்துல ஒண்ணும் ஆகாது.

ஆனா ஒண்ணு கவனிங்க. மறைச்சுட்டா மாட்வெர்ஷன்ஸ் சிஆர்சி (மாட்யூலும் கெர்னலும் பொருந்துதான்னு பார்க்கிற எண்) மாறாதுன்னு நிறைய பேர் நினைச்சுக்கிறாங்க. அந்த சிஆர்சி, ஃபங்ஷன எக்ஸ்போர்ட் பண்ற ஃபைல்ல எந்த டைப் முழுசா தெரியுதோ அத விரிச்சு கணக்கு பண்றது. வரையறை அதே டாட் சி ஃபைல்ல இருந்தா உள் ஃபீல்டு மாறினாலும் சிஆர்சி மாறும், மாட்யூல் லோட் ஆகாது. டிஸ்ட்ரோகாரங்க அந்த சிஆர்சிய கணக்கு பண்ற ஜென்கேசிம்ஸ் டூல் கண்ணுல படாம இஃப்டெஃப் போட்டு மறைக்கிறது இதனாலதான்.

சிம்பல் நேம்ஸ்பேஸும் (மாட்யூலுக்கு குடுக்கிற ஃபங்ஷன் பேர்கள குழுவா பிரிக்கிறது) இதுவும் ஒண்ணா?

இல்ல. 2019ல 5.4ல வந்த நேம்ஸ்பேஸ் ஃபங்ஷன தடுக்கும், ஃபீல்ட இல்ல. இம்போர்ட் பண்றேன்னு மாட்யூல் வெளிப்படையா எழுதினாத்தான் அந்த சிம்பல் கிடைக்கும். உங்க சப்சிஸ்டத்துல நாலு மாட்யூல் ஒண்ணுக்கொண்ணு உள் ஃபங்ஷன கூப்பிடுதுன்னா போட்டுக்கோங்க.

மறைச்சுட்டா டீபக் எப்படி பண்றது?

டீபக் இன்ஃபோ எதையும் மறைக்காது. பிடிஎஃப் (BTF, கெர்னல்லயே இருக்கிற டைப் விவரம்) இருக்கிற கெர்னல்னா பஹோல்ங்கிற டூல் போட்டு எந்த ஸ்ட்ரக்டயும் ஆஃப்செட்டோட பார்க்கலாம், டிராகன் (drgn), க்ராஷ்னு ரெண்டு டீபக்கர்லயும் ஓடுற கெர்னல்லயே உள்ள போய் பார்க்கலாம். ஒரு பிரிண்ட்கே (கெர்னல் லாக் ஃபைல்ல எழுதுற ஃபங்ஷன்) போடுறதுக்காக உள் ஹெட்டர இன்க்ளூட் பண்ணி, அத எடுக்க மறந்து செக்இன் பண்ணவங்கள நான் நிறைய பார்த்திருக்கேன், அதுக்கு இது எவ்ளவோ மேல்.

ரஸ்ட் மொழி வந்தா இந்த பிரச்சனையே இருக்காதாமே?

ரஸ்ட்ல ஃபீல்டு எழுதினாலே ப்ரைவேட்தான், பப்னு போட்டாத்தான் வெளிய தெரியும். 2022 டிசம்பர்ல 6.1ல ரஸ்ட் கெர்னலுக்குள்ள வந்துச்சு, அதுக்கப்புறம் சி ஸ்ட்ரக்ட எல்லாம் ஒப்பேக்ங்கிற டைப்ல சுத்தி வைக்க ஆரம்பிச்சாங்க. ரஸ்ட் டிரைவருக்கு நல்லதுதான். ஆனா அந்த உறைக்கு அடில இருக்கிற சி ஸ்ட்ரக்ட இன்னொரு சி டிரைவர் தொட்டா அத ரஸ்ட் தடுக்காது.

ஏற்கெனவே எல்லா டிரைவரும் நேரா தொடுற ஒரு பழைய ஸ்ட்ரக்ட் இருக்கு. எங்க ஆரம்பிக்கிறது?

மறைக்கிறதுல ஆரம்பிக்காதீங்க, ஆக்சஸர்ல ஆரம்பிங்க. ஸ்ட்ரக்ட் டிவைஸ்ல முன்னாடி பஸ் ஐடின்னு 20 எழுத்து அர்ரே ஒண்ணு இருந்துச்சு, எல்லா டிரைவரும் பேர் பிரிண்ட் பண்ண அத நேரா எடுக்கும். 20 எழுத்து பத்தல. 2008ல மொதல்ல டெவ் நேம்னு ஒரு ஃபங்ஷன் வந்துச்சு, அது உள்ள அதே பஸ் ஐடியத்தான் திருப்பிக் குடுத்துச்சு, ஒண்ணும் மாறல. அப்புறம் சோர்ஸ் மரம் (மொத்த கெர்னல் கோட்) முழுக்க ஒவ்வொரு சப்சிஸ்டமா டெவ் நேமுக்கு மாத்தினாங்க. 2009ல யாரும் நேரா தொடலன்னு ஆனப்புறம்தான் அந்த அர்ரேவ தூக்கினாங்க, பேரு இப்ப டிவைஸுக்குள்ள பதிஞ்சிருக்கிற கேஆப்ஜெக்ட்ங்கிற ஸ்ட்ரக்ட்ல இருக்கு, நீளக் கட்டுப்பாடும் போச்சு.

நீங்களும் அப்படியே போங்க. ஃபீல்ட யார் யார் தொடுறாங்கன்னு எடுங்க, கிரெப் பத்தாது, உங்க லோக்கல் மரத்துல ஃபீல்டு பேர தற்காலிகமா மாத்திட்டு ஆல்மாட்கான்ஃபிக் (முடிஞ்ச எல்லாத்தையும் மாட்யூலா கம்பைல் பண்றது) பில்ட் போடுங்க, உடையுற இடமெல்லாம் லிஸ்ட்ல வந்துடும், ஆர்ம், எக்ஸ்86 ரெண்டுக்கும் போடுங்க. ஒவ்வொரு இடத்துலயும் அவங்க எதுக்கு தொடுறாங்கன்னு படிங்க, பெரும்பாலும் மூணு நாலு காரணத்துக்குள்ள அடங்கிடும், அந்த மூணு நாலுக்கு மட்டும் ஃபங்ஷன் எழுதுங்க, ஃபீல்டுக்கு ஒரு கெட் ஒரு செட்னு அள்ளிப் போடாதீங்க. மாத்துறதுக்கு காக்சினெல் (சி கோட தானா திருத்துற டூல்) ஸ்கிரிப்ட் எழுதினா நூறு ஃபைல் ஒரே நாள்ல முடியும். எல்லாரும் மாறினப்புறம் வரையறைய டாட் சிக்கு நகர்த்துற பேட்ச கடைசியா, தனியா அனுப்புங்க. நடுவுல ஒரு ரிலீஸ் விட்டுட்டு அனுப்புங்க, ஏன்னா நீங்க மாத்திக்கிட்டு இருக்கும்போதே இன்னொரு டீம் புது டிரைவர்ல பழைய ஃபீல்ட தொட்டு செக்இன் பண்ணிருப்பாங்க.